ஃப்ளாப்பிக்கு விபூதி

17-10-88, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலையே தெரியவில்லை. பஸ்ஸில் ஏறும்போது குடைக்கம்பி உடைந்தது.

எண்ணெய் மில் கம்ப்யூட்டரில் இனி இடமில்லை. புதுக் கணக்கு எதுவும் ஏறவில்லை. மெட்ராஸ் இன்ஜினியர் போனில்: "பழைய வருஷத்தையெல்லாம் ஃப்ளாப்பில ஏத்துங்க. சரியா ஏறிச்சானு பாத்துட்டு மெஷின்ல அழிச்சிடுங்க."

ஏற்றினேன். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அழித்தேன். மல்லாட்டை கொண்டுவந்து போடும் குடியானவர்களின் பழைய கணக்கு முழுக்க இப்போது ஒரு சின்ன அட்டைப்பெட்டியில். எல்லாம் நான் உட்கார்ந்து தட்டியது. பேரேடுகளை முதலாளி போன மாதமே பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் இருக்கும்போது குப்பை எதற்காம்.

இன்னொரு நகல் எடுக்க முதலாளியிடம் ஃப்ளாப்பி கேட்டேன். "பூஜை முடியட்டும்மா." இவருக்கு எல்லாமே பூஜை முடிந்துதான்.

19, புதன். ஆயுத பூஜை

மழை விட்டது. பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று. எலுமிச்சை மறந்து, மறுபடி கடைக்கு.

தராசு, டைப்ரைட்டர், கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் அலங்காரம். மில்லைக் கூட்டும் முனியம்மா அக்கா விபூதி குழைத்துத் தட்டைப் பிடித்தாள். முதலாளி பூசிக்கொண்டே வந்தார். வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், ஃப்ளாப்பிகளை உறையிலிருந்து உருவிப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே தகடு தெரியும் அந்தத் திறப்பின் மேலேயே, ஈரம் சொட்ட.

"சார், தொடச்சிடறேன் சார்."

"பூஜையில வச்சத இன்னிக்கி தொடக்கூடாதும்மா. நாளைக்கி எடுத்துக்கோ."

கணக்குப்பிள்ளை காதர் பாய், பேசாதே என்று கண்ணால் சொன்னார். பொரி பங்கிடப் போனேன்.

20, வியாழன்

விபூதி காய்ந்து பொருக்காகிவிட்டது. துடைத்தால் தகடு கீறுகிறது. மெஷினில் போட்டால் கரகரவென்று அரைக்கிற சத்தம். ஒன்றுகூடப் படிக்கவில்லை.

மெட்ராஸுக்குப் போன். "விபூதியா?" என்றார். இனி எதையும் எடுக்க முடியாதாம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மீதிப் பொரி தின்றேன்.

21, வெள்ளி

சொல்லிவிட்டேன். முதலாளி முகம் கறுத்துவிட்டது. எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"விபூதித் தட்டு யார் கையில இருந்திச்சி?"

பூசியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

"என் கையிலதாங்க," என்றாள் முனியம்மா அக்கா.

"பாத்து செய்ய வேணாமா? நாளையிலேர்ந்து வராத."

துடைப்பத்தை மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். புருஷன் இல்லை, படிக்கிற பெண் ஒன்று.

காதர் பாயிடம், "ஏன் பாய் சும்மா இருந்தீங்க?" என்றேன்.

"முதலாளி கை தப்பு பண்ணாதும்மா. எத்தினி வருஷமா பாக்கறேன்."

என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

24, திங்கள்

வெயில். குடை இன்னும் ரிப்பேருக்குப் போகவில்லை.

முதலாளி அறைக்குத் தனியாகப் போனேன். "சார், பட்டை போட்டது நீங்க. அக்கா தட்டுதான் புடிச்சாங்க. உங்களுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம்."

கத்துவார் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் பேசினார்.

"ஞாபகம் இருக்குதும்மா. நான்தான் வச்சேன். குடியானவங்க வந்து பழைய கணக்கு எங்கன்னு கேட்டா யாரையாவது காட்டணும் இல்ல? ஒன்ன காட்டினா கம்ப்யூட்டர யாரு பாக்கறது?"

புது ஃப்ளாப்பிப் பெட்டி ஒன்றை என் பக்கம் தள்ளினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

25, செவ்வாய். பௌர்ணமி

கிரிவலக் கூட்டம். பஸ்காரன் ஊருக்குள் வராமல் வெளியிலேயே இறக்கிவிட்டான். நடந்தேன்.

கோபுரத்துக்கு எதிரே முனியம்மா அக்கா, தரையில் சாக்கு விரித்துக் கற்பூரம் விற்றுக்கொண்டு. தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன். பார்த்துவிட்டாள்.

"ஒன் வேலைக்கி ஒண்ணும் ஆவலயே கண்ணு?"

இல்லை என்றேன்.