அத்தை கேட்காத பெயர்

ஜூலை 3, வியாழன்

ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் என் கணவன் ஸ்டாதிஸ் எங்களை வூலியாக்மெனிக்குக் கூட்டிவந்தான். மாதம் ஒன்றாகப் போகிறது. அவன் வெள்ளிக்கிழமை காரில் வருவான், திங்கள் காலையில் ஏதென்ஸுக்கு வேலைக்குப் போய்விடுவான். நானும் பாப்பாவும் அவன் அம்மாவோடு இந்த மூன்றாம் மாடியில். பால்கனியில் நின்றால் கடல், வெள்ளை வெள்ளையாகப் பணக்காரர் படகுகள். இங்கே ஒரு காப்பி குடிக்கிற காசுக்கு எங்கள் நிக்கேயாவில் மதியச் சாப்பாடே முடிந்துவிடும். பார்க்கிறவர்கள் கொடுத்துவைத்தவள் என்பார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஜூலை 5, சனி

பாப்பாவின் ஞானஸ்நானம் இங்கேயேதானாம், அடுத்த ஞாயிறு, கடலோரத்துச் சின்னக் கோயிலில். நாள் குறித்து, இனிப்புக்குச் சொல்லி, ஞானத்தாயையும் பிடித்துவிட்டு, அப்புறம்தான் அத்தை எனக்குச் சொன்னார். ஞானத்தாய் அவருடைய சீட்டாட்டத் தோழி மெரோப்பி அம்மா.

"அவ கையால எண்ணெய் பூசினா பிள்ளைக்கு ஒரு குறையும் வராது, என் தங்கமே."

பெயர்? அந்தப் பேச்சே இல்லை. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர், கலியோப்பி. இதில் என்னைக் கேட்க என்ன இருக்கிறது?

என் அம்மா பெயர் தோமாய். பாப்பா பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் போய்விட்டாள். அந்தப் பெயரை வாய் நிறையக் கூப்பிட வேண்டும் எனக்கு. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஸ்டாதிஸிடம் சொன்னேன். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"அம்மா வாயத் திறந்து கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு நீயா சண்டைய இழுக்கற, அரெத்தி?"

கேட்டால்தானே மாட்டேன் என்று சொல்ல முடியும்!

ஜூலை 8, செவ்வாய்

இங்கத்து வெந்நீர் ஊற்று ஏரியில் குளியல். அத்தையும் தோழிகளும் தொப்பியோடு கழுத்தளவு வெந்நீரில் நின்று ஊர் வம்பு பேசினார்கள். நான் பக்கத்தில்.

"பேரை எங்காதுலயாவது சொல்லி வை, கலியோப்பி. பாதிரியார் கேட்டா நான்தானே சொல்லணும்?" என்றார் மெரோப்பி அம்மா.

"தண்ணியில முக்கறதுக்கு முன்னால பேரை வாயால சொல்லக் கூடாது. எங்க வீட்டுல அது ஆகாது. அதோட நானா எதுவும் கேக்கலியே? பிள்ளைங்க மனசு."

"அப்போ எனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் அங்க வந்தா தானா தெரியும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூலை 10, வியாழன்

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். எங்கே போவதாக இருந்தேன் என்று எனக்கே தெரியாது. பின்னாலேயே பாப்பாவின் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அத்தை. "நடக்கணும்னா சொல்ல வேண்டியதுதானே, நானும் வரேன்ல?"

திரும்பிவிட்டோம்.

ஜூலை 11, வெள்ளி

ஞானஸ்நானத் துண்டு வந்தது. ஓரத்தில் நீல நூலில் அத்தை பெயரின் முதலெழுத்து. வாயால் சொல்லக் கூடாதாம், நூலால் தைக்கலாமாம்.

ஜூலை 13, ஞாயிறு



பாதிரியார் சட்டைக்கையை மடித்துக்கொண்டு மெரோப்பி அம்மாவைக் கேட்டார். "பிள்ளைக்குப் பேரு?"

"எங்கிட்ட யாரும் சொல்லலையே, சாமி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அத்தையின் முகம் சிவந்தது. தன் பெயரைத் தானே சொன்னால் போதும், முடிந்துவிடும். ஆனால் 'நானா கேட்டேன்' என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த வாய். கேட்டவர்கள் அத்தனை பேரும் கோயிலுக்குள் நிற்கிறார்கள். சொல்லு, சொல்லு என்று கண்ணாலேயே என்னை விரட்டினார். ஸ்டாதிஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி ஆறிப்போகுதும்மா. தாய் யாரு? நீங்களே சொல்லுங்க" என்றார் பாதிரியார்.

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

"தோமாய்."

மெரோப்பி அம்மா அதை வாங்கிக் கணீரென்று சொன்னார். பாதிரியார் அந்தப் பெயரைச் சொல்லிப் பாப்பாவை மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுத்தார். அழுதுவிட்டேன், எல்லார் முன்னாலும். வெட்கமாக இல்லை.

வாசலில் அத்தை இனிப்புப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே எல்லாரிடமும் சொன்னார்: "எனக்கென்ன, நான் கேக்கவே இல்லையே." சிரித்த முகமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்

ஸ்டாதிஸ் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. போகட்டும். தோமாய், தோமாய், தோமாய்.

ஜூலை 19, சனி

அத்தை என்னோடு பேசுவதில்லை. பாப்பாவோடு பேசுகிறார். பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்.

"தோமாய், வாயத் திற. என்ன வீம்பு இது, தோமாய்? எத்தனை தடவ சொல்றது உனக்கு? உனக்கு யாரு இதெல்லாம் கத்துக்குடுத்தா, தோமாய்? கொஞ்சமும் புத்தி இல்ல."

காலையில் ஆரம்பித்தால் பாப்பா தூங்கும்வரை. என் அம்மா உயிரோடு இருந்தபோது அத்தை அவளை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகச் சொன்னதில்லை.

செப்டம்பர் வரை இங்கேயே இருக்கலாம் என்கிறான் ஸ்டாதிஸ்.