கூரை ஏறாத வீடு

மே 2, சனி

மகள் பை நிறைய அச்சுகளோடு வந்தாள். கதவு, ஜன்னல், புகைபோக்கி, ஓடு. எல்லாம் ரப்பர் போல வளைகின்றன. தின்னக்கூடிய ஒரு குட்டி வீடு. இஞ்சி பிஸ்கட்டில் சுவர், மற்றதெல்லாம் சாக்லேட்டில் வார்த்து ஒட்ட வேண்டுமாம். "உன் வீட்லதான்மா செய்யணும். எங்க வீட்ல ஓவன் இல்ல." உன் வீடு, எங்க வீடு. விவாகரத்தாகி மூன்று வருடம், சனிக்கிழமை மட்டும்தான் என்னிடம் வருகிறாள். ஆனாலும் அந்தப் பிரிவினை இன்னும் காதுக்குப் பழகவில்லை.

நான்கு சுவர்களும் வெந்தன. ஒன்று ஓரம் கருகிவிட்டது. "அது பின்பக்கச் சுவர்" என்று உடனே தீர்ப்பு சொன்னாள்.

கூட்டிப்போக வந்த அவள் அப்பா வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். வேறு ஊருக்கு மாற்றல், ஜூன் முதல் வாரம் போக வேண்டும். "பன்னெண்டு வயசாச்சு. யார்கூட இருக்கப் போறான்னு அவளே சொல்லட்டும். நீயும் கேளு. நான் வற்புறுத்த மாட்டேன்."

மே 4, திங்கள்

கேட்டு, அவள் "அப்பாகூட" என்று சொல்லிவிட்டால்?

மே 9, சனி

சுவர்களை ஐசிங் சர்க்கரைக் குழம்பால் ஒட்டி, சுற்றிலும் டப்பாக்களை முட்டுக் கொடுத்தோம். மேல் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொல்வாங்க. கல்யாணத்துலதான் கோட்டை விட்டுட்டே, வீட்டையாவது ஒழுங்கா கட்டி முடி." மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கூரை எப்போது ஏற்றலாம் என்று கேட்டாள். ஐசிங் ஒரே நாளில் காய்ந்துவிடும். இரண்டு வாரம் ஆகும் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. கூரை ஏறாதவரை அவள் வருவாள் அல்லவா?

வீடு முடியட்டும். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

மே 16, சனி

கரண்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததில் முதல் சாக்லேட் முழுக்க மணல் மாதிரித் திரிந்துபோனது. மறுபடி உருக்கினோம். கதவு அச்சின் பள்ளங்களில் வெள்ளைச் சாக்லேட்டைப் பல்குச்சியால் நிரப்பினாள். அது இறுகியதும் மேலே கறுப்பை ஊற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தெடுத்தாள். வெள்ளைச் சட்டங்களும் குமிழும் வைத்த கதவு, கட்டைவிரல் நீளம். வெகு நேரம் அதை உள்ளங்கையிலிருந்து இறக்கவே இல்லை.

இரண்டு தடவை "அம்மா, ஜூன்ல..." என்று ஆரம்பித்தாள். இரண்டு தடவையும் நான், கிண்டு, அடி பிடிக்கும் என்றேன். கொதிநீர்மேல் வைத்த பாத்திரம் எங்கே அடி பிடிக்கும்?

மே 22, வெள்ளி

நாளை இரண்டு வாரம் முடிகிறது. கூரையும் கதவும் ஏறினால் வேலை தீர்ந்தது.

ஃப்ரிட்ஜிலிருந்து கதவை எடுத்துப் பார்த்தேன். உடைந்துவிட்டது.

இல்லை. உடைத்தேன். இரண்டு கட்டைவிரலாலும். சின்னச் சத்தம்தான். அடிப்பாவி, என்னடி பண்ணிட்டே? குழந்தை செஞ்சதை...

மே 23, சனி

எடுக்கும்போது கை தவறிவிட்டது என்றேன். அவள் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "நான்தான் மெல்லிசா ஊத்திட்டேன் போல" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு தாங்கவில்லை. நான்தான் உடைத்தேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். வீடு முடிந்துவிட்டால் நீ வராமல் போய்விடுவாயோ என்ற பயம் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது. அதே மூச்சில், மூன்று வாரமாகத் தொண்டையில் நின்றதையும் கேட்டுவிட்டேன். என்கூடவே இருந்துடறியா?

மேஜையில் ஒட்டியிருந்த ஐசிங்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"புதன்கிழமை அப்பா அந்த ஊர் ஸ்கூல்ல சேத்துட்டாரும்மா. நான்தான் சரின்னேன்."

சுரண்டிய தூளை ஊதிவிட்டு, "ரெண்டு சனிக்கிழமையும் நீ கேப்பேன்னு பாத்தேன். கேக்கவே இல்ல. உனக்கு வேணாம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

இப்போது கேட்கிறேனே என்றேன். "அப்பாகிட்ட சொல்லிட்டேனேம்மா" என்றாள். வாக்கு மாறாத பிள்ளை. அப்படித்தான் வளர்த்தோம், இருவரும் சேர்ந்து.

மே 24, ஞாயிறு

புதன்கிழமையே முடிந்துபோன காரியம். நான் கதவை உடைத்தது வெள்ளிக்கிழமை.

மே 30, சனி

கூரை ஏற்றினோம். ஓடுகளை வரிசை பிசகாமல் அவளே ஒட்டினாள். இன்னொரு கதவு வார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றாள். போகும்முன் என்னைக் கட்டிக்கொண்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

ஜூன் 2, செவ்வாய்

போய்ச் சேர்ந்தாயிற்று என்று அவரிடமிருந்து ஒரு வரிச் செய்தி.

ஜூன் 13, சனி

மத்தியானம் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டேன். என்ன சாப்பிட்டாள், பக்கத்தில் உட்காருவது யார், குளிக்க வெந்நீர் வருகிறதா, கணக்கு டீச்சர் எப்படி. "போதும்மா, போலீஸ்காரங்க கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க" என்று சிரித்தாள்.

இன்னும் ஒன்று கேட்டேன். அடுத்த லீவுக்கு வந்து என்னோடு இருப்பாயா?

அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.