அவளுக்கு மட்டும் தெரியாது

ஜூன் 2
இன்றும் இயக்குநரோடு அதே சண்டை. கதையில் மனைவியைக் கொல்லப் பார்ப்பவன் புருஷன்தான் என்பதைக் கடைசிக் காட்சிவரை மூடி வைத்திருக்கிறேன். அவர் இடைவேளைக்கு முன்பே உடைக்கச் சொல்கிறார்.

"அப்புறம் ஜனங்க எதுக்கு உக்காந்திருப்பாங்க?" என்றேன்.

"அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியுது. எந்திரிச்சுப் போக மனசு வருமா?"

எழுதுகிறவன் நானா அவரா?

ஜூன் 4
மனைவி வேடத்துக்கு வந்திருப்பவள் நாடகக்காரி, சினிமாவுக்குப் புதுசு. ஒத்திகை முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள். "அண்ணே, இந்த வசனத்தை இழுத்துச் சொல்லட்டுமா, பட்டுனு சொல்லட்டுமா?" இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினாள். பட்டென்று சொன்னதில் எனக்கே மயிர்க்கூச்செடுத்தது.

ஜூன் 7
இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். தயாரிப்பாளர் அவளை மாற்றப்போகிறார். பெயர் பெற்ற நடிகை ஒருத்தி அடுத்த வாரம் கையெழுத்துப் போடுகிறாள். ஒருவேளை அது கைகூடாமல் போனால் இவள் வேண்டும். அதனால் ஒத்திகை நிற்கக் கூடாது.

"அவகிட்ட மூச்சு விடாதீங்க."

"என்கிட்ட மட்டும் ஏன் சொன்னீங்க?"

"நீங்கதானே அந்த இடைவேளைக் காட்சியை எழுதப்போறீங்க."

ஜூன் 8
"அண்ணே, நாளைக்கு நாடகக் கம்பெனிக்குப் போய், இனிமே வரமாட்டேன்னு சொல்லிடப்போறேன். சரிதானே?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "யோசிச்சு செய்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன் — யோசிச்சு செய்மா!

ஜூன் 9
சோறு இறங்கவில்லை.

"யாரைக் கொன்னுட்டு வந்தீங்க?" என்றாள் என் மனைவி. விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா என் வேலை போயிடும்."

"சொல்லாட்டி?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 10
இடைவேளைக் காட்சியை எழுதிவிட்டேன். மாடிக் கைப்பிடியின் திருகாணியைப் புருஷன் கழற்றி வைத்திருக்கிறான். அவள் பூந்தொட்டிகளை எங்கே வைக்கலாம் என்று பேசிக்கொண்டே கைப்பிடியை நோக்கி நடக்கிறாள். அவன் தலையாட்டிக்கொண்டு நிற்கிறான். என்னை மாதிரியே.

இயக்குநர் படித்தார். முதுகில் தட்டினார். அவர் சொன்னதுதான் சரி — அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 11
அவளைப் படிக்கட்டடியில் நிறுத்திச் சொல்லிவிட்டேன். அழவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஏழாந்தேதியே" என்றேன்.

"நான் கம்பெனியில சொல்றதுக்கு முன்னாடியேவா?"

தலை குனிந்தேன். ஒத்திகைத் தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

ஜூன் 12
நான்தான் சொன்னேன் என்று இயக்குநரிடம் ஒத்துக்கொண்டேன். சீட்டைக் கிழிப்பார் என்று நினைத்தேன்.

"போகட்டும். காட்சி வந்துடுச்சில்ல" என்றார்.

இதற்காகவா பயந்து செத்தேன்?

மார்ச் 19
படம் வெளியானது. அரங்கில் எள் போட இடமில்லை. அந்தப் பெயர் பெற்ற நடிகை கைப்பிடிப் பக்கம் நகர்ந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா, "ஐயையோ, அதுமேல சாயாதடி!" என்று கத்தினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இயக்குநர் என் கையை அழுத்தினார்.

இடைவேளையில் கூட்டத்தில் அந்த நாடகக்காரியைப் பார்த்தேன். நாடகக் கம்பெனியில் திரும்பச் சேர்க்கவில்லை என்றும், ஏதோ துணிக்கடையில் நிற்கிறாள் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவளே வந்துவிட்டாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க, சார்."

மணி அடித்தது. மீதிப் படத்தைப் பார்க்க உள்ளே போனாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.