பாதிரி மானும் என் கருப்புச் சட்டையும்

செப்டம்பர் 10, செவ்வாய்

இந்த நோட்டின் மேல் வலது கையை வைத்து, இடது கையில் காபிக் கோப்பையுடன், சத்தியம் செய்கிறேன்: இதில் எழுதப்போகும் கதையை நம்ப டெக்சாஸ் முழுக்கத் தேடினாலும் ஓர் ஆள் கிடைக்காது. எனக்கே சில இடங்களில் சந்தேகம் வரும் என்று நினைக்கிறேன்.

தொடக்கம் மட்டும் சாதாரணம். பண்ணையிலிருந்து அக்கா மகள் ரோனெல் போன் செய்தாள்.

"மாமா, இந்தத் தடவை வேட்டைக்கு ஒளிஞ்சு உக்கார ஒரே கூடாரம்தான். இன்னொண்ணக் கழுதை தின்னுடுச்சு. நீங்களும் ஹில்மரும் ஒண்ணா உக்காந்துக்கோங்க."

"ரெண்டு பேருமா? ஒரே கூடாரத்துலயா?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. போனில் கோளாறு என்று வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 11, புதன்

தூக்கம் இல்லை. நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

ரோனெலின் வேட்டைக் குடிலில் ஒரு சுவர் இருக்கிறது. குறி தவறியவனின் சட்டை வாலைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதி அதில் ஆணியடிப்போம். ஹில்மரின் துணி ஏழு தொங்குகிறது. எங்களோடு வரும் பல் மருத்துவருடையது ஐந்து. ரோனெலுடையதே இரண்டு. என்னுடையது ஒன்றுகூட இல்லை. இருபத்திரண்டு வருடம். புதிதாக வருகிறவர்களிடம் அந்த வெற்று மூலையைக் காட்டி, "அல்வின் டோப்லர் குறி தவறியதாகச் சரித்திரம் இல்லை" என்று நானே அறிமுகம் செய்துகொள்வேன்.

தவறியதில்லைதான். அம்பை விட்டால்தானே தவறும்.

மான் வந்து நிற்கும். நாணை இழுப்பேன். கை நடுங்கும் — சாதாரண நடுக்கமா, பக்கத்து மாவட்டத்தில் அலமாரிப் பாத்திரங்கள் கலகலக்கும். மெல்ல நாணை இறக்கிவிடுவேன். அந்தி சாய்ந்ததும் குடிலுக்கு வந்து, காற்று திரும்பிவிட்டது என்பேன். கொம்பு இன்னும் வளரட்டும் என்பேன். ஒரு வருடம், மான் பிரார்த்தனையில் இருந்தது, குறுக்கிட மனம் வரவில்லை என்றேன். தனியாக உட்கார்ந்தவன் சொன்னதுதானே சாட்சி.

இப்போது பக்கத்தில் ஹில்மர் உட்காரப் போகிறான். நாற்பது வருட நண்பன். அவனுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் டோமினோ ஆடும் மேசையில் எந்த வாயால் கதை பேசுவது?

செப்டம்பர் 13, வெள்ளி

கொல்லையில் பயிற்சி. இருபது அம்பில் பதினெட்டு வைக்கோல் கட்டின் நடு வயிற்றில். வைக்கோலுக்குக் கண் கிடையாது. அதுதான் வசதி.

செப்டம்பர் 14, சனி

கூடாரத்துக்குள் கருப்புதான் போட வேண்டும். இல்லையென்றால் உள்ளிருட்டில் ஆள் தெரிந்துவிடும். என்னிடம் இருக்கும் ஒரே கருப்புச் சட்டை சவ அடக்கங்களுக்குப் போடுவது. பொருத்தமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு உள்ளே போனோம். அந்த வெக்கையைச் சொல்வதானால், ஹில்மரின் மீசை உருகி மோவாயில் வழிந்தது. எதிரே பதினெட்டு கஜத்தில் தண்ணீர்த் தொட்டி. அதற்கு வலப்பக்கம், மூன்று கால்களில் நின்று மான்களுக்குத் தீனி போடும் மக்காச்சோளப் பீப்பாய். ஐந்தரைக்குப் பாதிரி வந்தது.

அதற்கு அப்படித்தான் பெயர். முதுகெல்லாம் கரி, கழுத்துக்குக் கீழே வெள்ளை, அங்கி மாட்டிய மாதிரி. இந்தியாவிலிருந்து எந்தக் காலத்திலோ கொண்டுவந்து இங்கே பெருகிய வெளிமான் இனம். முறுக்குக் கொம்பின் நுனியில் ஒரு மேகம் சிக்கியிருந்தது. நான் பார்த்தேன்.

ஹில்மர் என் காதில் ஊதினான். "நீ அடிடா."

"நீ அடி. உனக்கு முழங்கால் வலி."

"முழங்காலாலயா வில்லு இழுக்கறேன்? அடிடா."

இழுத்தேன். நடுக்கம் வந்தது. ஸ்டூல் நடுங்கியது, கூடாரம் நடுங்கியது. இறக்கிவிடலாம் — பக்கத்தில் ஹில்மர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். இறக்கினால் தெரிந்துவிடும். வில்லில் குறிபார்க்கும் முள்ளுக்கு நேரே மானின் விலா தெளிவாகத் தெரிந்தது.

விட்டேன்.

டப்.

மான் இருந்த பக்கத்திலிருந்து வந்த சத்தம் இல்லை அது. என் மூக்குக்குக் கீழேயிருந்து வந்தது. குறிமுள் மேலே, அம்பு நான்கு விரல் கீழே. கண்ணுக்கு நேரே கூடாரத்தின் ஜன்னல் இருந்தது, அம்புக்கு நேரே துணிதான் இருந்தது. இரண்டடி தூரத்தில் நான் கூடாரத்தை அடித்திருக்கிறேன். துணியைக் கிழித்துத் திசை மாறிய அம்பு பீப்பாயில் போய்க் குத்தி நின்றது. பாதிரி அடுத்த மாவட்டத்துக்குக் கிளம்பிவிட்டது.

ஹில்மர் சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷம்," என்றான் மெதுவாக. "ஒருவழியா விட்டுட்ட."

"என்னத்த?"

"அம்ப. டேய், உன் அம்புமுனைப் பெட்டியில ஒரு முனைகூடக் குறைஞ்சதில்ல, கடைச் சீட்டு இன்னும் அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. அந்தக் கடைய மூடியே பதினஞ்சு வருஷமாச்சு."

பெட்டியைக் காலால் ஸ்டூலுக்கு அடியில் தள்ளினேன்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னா மேசையில உன் கதைய யார் கேப்பா? நான் அதுக்குத்தான வர்றேன்." அப்புறம் ஓட்டையில் விரலை விட்டு ஆட்டினான். "முள்ளுச்செடி கிழிச்சதுன்னு சொல்லிடலாம். சுவர் சுத்தமா இருக்கட்டும்."

குடிலில் ரோனெல் கூடாரத்து ஓட்டையைப் பற்றிக் கேட்டாள். முள் கிழித்தது என்றேன். நல்ல பொய்தான். ஆனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு மறுபடி கூடாரம். அம்பைப் பிடுங்கிய ஓட்டை வழியே சோளம் இரவெல்லாம் ஒழுகி, பீப்பாய்க்கு அடியில் ஒரு குன்று. ஐந்து மணிக்குப் பாதிரி அந்தக் குன்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. பதினாறு கஜம். விலா காட்டி.

ஹில்மர் விட்டான். பாதிரி அறுபது அடி ஓடி, கருவேலத்தடியில் படுத்துக்கொண்டது. இருவரும் பக்கத்தில் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். மேகம் கொம்பில் இல்லை.

தோலுரிக்கும்போது ரோனெல் வந்தாள். "ஆமா, பீப்பாய் ஏன் ஒழுகுது?"

"மரங்கொத்தியா இருக்கும்," என்றான் ஹில்மர், மானைப் பார்த்தபடியே.

இரும்புப் பீப்பாய் அது. எனக்காக இரும்பைக் கொத்தும் மரங்கொத்தியைப் படைக்கிறான் என் நண்பன். அவனுக்குப் பொய் வராது, காது சிவந்துவிட்டது.

நான் திரும்பி நின்று, சட்டையைப் பாண்டிலிருந்து வெளியே இழுத்துவிட்டேன்.

"கத்தரி எங்கம்மா?"

"எதுக்கு மாமா?"

"முள்ளு இல்ல. நான்தான். கூடாரத்த அடிச்சேன், பீப்பாயக் கொன்னேன்."

"அது மானைத் தவறவிட்டதுல சேருமா?" அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"சேரும். பெரிய துண்டா வெட்டு."

கோழி வெட்டும் கத்தரியால் வெட்டினாள். முதுகில் காற்று பட்டது. மான்கறியை வெண்ணெயில் பொரித்தோம். நான் நான்கு தட்டு சாப்பிட்டேன். இது மிகையல்ல, ஐந்து.

செப்டம்பர் 20, வெள்ளி

பழைய தபால்காரரின் அடக்கம். வால் போன கருப்புச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனேன். குனிந்து மண் போடும்போது வெளியே வந்துவிட்டது. ஹில்மர் தொப்பிக்குள் முகத்தை வைத்து அழுதான். அது அழுகை இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

குடிலுக்கு ஹூஸ்டனிலிருந்து விருந்தாளிகள். மூலையில் என் கருப்புத் துணி, அதன் கீழே ரோனெலின் கையெழுத்து: "அல்வின் டோப்லர். கூடாரம். இரண்டடி." விருந்தாளிகள் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

சொன்னேன். என் அம்பு கூடாரத்தைத் துளைத்து, மலையைச் சுற்றி, ஆற்றில் தண்ணீர் குடித்து, வழியில் இரண்டு காட்டுப்பன்றிகளுக்கு வணக்கம் சொல்லி, சோளப் பீப்பாயில் இறங்கியது. பாதிரியை மறுநாள் மாலைக்கு அங்கே வரவழைக்க நான் வகுத்த திட்டம் அது. ஹில்மர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒருவரும் நம்பவில்லை.

பாத்திரம் துடைத்துக்கொண்டே ரோனெல் கேட்டாள். "மாமா, இதுல ஒண்ணாவது நிஜமா?"

"ஒண்ணே ஒண்ணு, சின்னது," என்றேன். "விட்டேன்."