கடைமடை வயலும் என் சிவப்புப் பேனாவும்

என் செல்லத் தங்கச்சி செல்விக்கு,

நீ போன இடத்தில் தண்ணீர்ப் பங்குச் சண்டை இருக்காது என்று நம்புகிறேன். இங்கே உன் மகள் யாழினி மூன்று நாளாக என்னோடு பேசாமல் இருந்தாள். தப்பு என்னுடையதுதான். அதைச் சொல்ல உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கணக்கு, வரலாறு, சட்டம் என்று கலந்து படிக்கலாமாம். "இன்னாக்கா இது, கதம்பம் மாதிரி? நர்சிங் சேத்துவுட்டா வேலையாவது கெடைக்கும்" என்றார் உன் வீட்டுக்காரர். நான்தான் சமாதானப்படுத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எதைப் படிக்க ஆசை, ஏன் என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். அவள் பாகூரில் வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் உன் வயலைப் பற்றி எழுதினாள். மேல்மடைக்காரர்கள் பாய்ச்சி முடிக்கும்வரை நீ மண்வெட்டியோடு காத்து நின்றதை எழுதினாள். கரிக்கலாம்பாக்கம் போகும் வழியெல்லாம் வீடு கட்ட விற்பதற்காக மனைக்கல் நட்ட வயல்களைப் பார்த்து வைத்திருக்கிறாள். 'தண்ணீர் கடைசியாக வருகிற நிலத்துக்கு மனைக்கல் மட்டும் ஏன் முதலில் வருகிறது?' என்று கேட்டு முடித்திருந்தாள்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"அம்மா சேத்துல நின்னதெல்லாம் காலேஜுக்கு எதுக்குடி? பொருளாதாரம்னு ஒண்ணு மட்டும் எழுது. முன்னுரை, முடிவுரை வெச்சி எழுது."

"எனக்குக் கேக்கத் தோணுறது அதான் பெரியம்மா."

"மார்க் போடுறவங்க மனசு எனக்குத் தெரியும்டி."

நான் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினாள். என் வகுப்பில் பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் ஒரே பசு நிற்கும். மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளையின் நோட்டிலும் அதே பசுதான். அதற்கெல்லாம் 'நன்று' போட்டவள் நான்.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து ஒரு அம்மா போனில் பேசினார். இந்தக் கட்டுரையில் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டாராம். வெள்ளிக்குள் வேறு எழுதி அனுப்பு, அதைப் பார்த்துத்தான் இடம் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

"அம்மா இருந்திருந்தா நான் எழுதுனத கோடு போட்டு அடிச்சிருக்காது" என்றாள் என்னிடம். எட்டாவதோடு நின்ற உனக்குத் தெரிந்திருக்கும் என்றாள்; அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு ஏன் தெரியாமல் போனது செல்வி?

இன்று வியாழன். கசக்கிப் போட்டிருந்த அவளுடைய தாளைக் கண்டெடுத்து, நீவி, மேசையில் வைத்தேன்.

"இத அனுப்புடி."

"சேப்புக் கோட்டோடவா?" என்றாள். மூன்று நாளில் முதல் வார்த்தை, அதுவும் குத்தல்.

உட்கார்ந்து எழுதினாள். நடுவில் நிமிர்ந்து, "பெரியம்மா, அம்மா நிக்கிறப்ப தண்ணி கணுக்கால் வரைக்குமாவது வருமா?" என்று கேட்டாள்.

நான் என்றைக்கு உன் வயலில் இறங்கினேன்?

அவள் அனுப்பும்வரை அந்தத் தாளைத் தொடமாட்டேன். அடுத்த முறை தண்ணீர் விடும் நாளில் அவளோடு கடைமடையில் போய் நிற்பேன். எதுவரை வருகிறது என்று பார்த்து உனக்குச் சொல்கிறேன்.

இதுவரை சேற்றில் கால் வைக்காத
உன் அக்கா