அப்பா டீ ஊற்றிய மேசை

பென்லான் பண்ணை,
கார்டிகன்ஷயர், வேல்ஸ்
5 ஜூன் 1963

அன்பு மகள் எலுனெட்டுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், பசுக்களும் சுகம். அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறோம். உன் கடிதம் பெந்தெகொஸ்தே டீ விருந்துக்கு மூன்று வாரம் முன்னால் வந்து சேர்ந்தது. ஜனவரியில் பனியில் வழுக்கி ஒடிந்த மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை, பெரிய டீ பானையைத் தூக்க முடியவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு நீ "கெய்ன்வெனுக்கே விட்டுக்கொடுத்துடுங்கம்மா, ஒரு மேசைதானே" என்று எழுதிவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். சபை மண்டபத்தில் போடுவதே எட்டு மேசை. அதில் ஜன்னலோர மேசை நாற்பத்தொரு வருஷமாக என்னுடையது, என் பீங்கான், என் விரிப்பு, என் ரொட்டி. மேசைக்காரிக்கு முடியாமல் போனால் அந்த வீட்டு மகளோ மருமகளோ டீ ஊற்ற வேண்டும், இல்லையென்றால் மேசை அடுத்த வீட்டுக்குப் போய்விடும், அதுதான் வழக்கம். நமக்கு மருமகள் இல்லை, நீயோ கடல் தாண்டி இருக்கிறாய். கடைக்காரி கெய்ன்வென் பதினைந்து வருஷமாகப் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கிறாள், அவள் மேல் தப்புச் சொல்லவும் முடியாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பா "நான் ஊத்தறேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். போதகர் பக்கத்தில் உட்கார்ந்து கேக் சாப்பிடும் சபை மூப்பர், பால் லாரி ஓட்டுகிற கை, அதுவும் ஆம்பிளை! ஆனால் அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. போதகரிடம் போய்க் கேட்டார், கூடாது என்று சொல்ல அந்த மனுஷனுக்கும் ஒரு காரணமும் அகப்படவில்லை. அப்புறம் ஆரம்பித்தது ரொட்டிப் பாடம். முதல் நாள் வெட்டிவிட்டு வெண்ணெய் தடவினார், துண்டெல்லாம் கந்தலாகிவிட்டது. முழு ரொட்டியை நெஞ்சில் அணைத்துப் பிடித்து, வெட்டுமுகத்தில் முதலில் வெண்ணெய் தடவி, அதன் பிறகு இலை மாதிரி வெட்ட வேண்டும் என்று எத்தனை தரம் சொல்வது! மூன்று வாரம் நம் கோழிகளுக்கு விருந்துதான், ஒன்றிரண்டுக்கு நடக்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுக்கு மேல் என் வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பானையோடு நின்றார். மூப்பர் எம்ரிஸ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "ஏய் யோர்வெர்த், வழி தவறிட்டியா? உன் நாற்காலி இங்கதானே இருக்கு" என்றார். அப்பா விடவில்லை, "நாற்காலி எங்கயும் ஓடிப்போகாது, நீ முதல்ல உன் வாய்க்கு டீ கிடைக்குதான்னு பாரு" என்றார். சிரித்தார்கள், ஆனால் ஜெபம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்தபோது ஏழு மேசை நிறைந்துவிட்டது, நம் மேசையில் பன்னிரண்டு நாற்காலியும் காலி. மூப்பர் கையால் டீ வாங்க எல்லாருக்கும் கூச்சம் போலிருக்கிறது. நான் சுவரோரம் கைக்கட்டோடு நின்றேன், பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவருக்குக் காது சிவந்துவிட்டது, ஆனாலும் பானையை மட்டும் கீழே வைக்கவில்லை.

அப்போது பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு கெய்ன்வென் வந்தாள். மேசையைக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு நேராக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன வேடிக்கை பாக்கறே, டீ ஆறிடும், ஊத்து" என்றாள். ஒரு துண்டு ரொட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், அப்படியே என் பக்கம் திரும்பினாள். "மோர்வித், இதுக்குள்ள எதிர்மலையே தெரியுதடி! நீ வெட்டினதுலகூட நான் பாத்ததில்ல" என்றாள். பொய்தான், தடிமனாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பிறகு கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! எம்ரிஸ் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று பந்தி, தட்டில் ஒரு துணுக்கு மிஞ்சவில்லை. நீ நர்ஸ் பட்டம் வாங்கிய அன்றைக்குத்தான் எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்தது.

கடைசிப் பந்தியில் அப்பா ஒரு நாற்காலியை இழுத்து, உட்கார் என்றார். மேசைக்காரி தன் மேசையில் உட்காரக் கூடாது, ஜனம் என்ன சொல்லும் என்றேன். "இன்னைக்கு மேசைக்காரி நான், நீ விருந்தாளி, பேசாம உக்காரு" என்றார். நாற்பத்தொரு வருஷத்தில் அந்த மண்டபத்தில் நான் சூடாக டீ குடித்தது அதுதான் முதல் தடவை. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன் எலுனெட், வெட்கமாகவே இல்லை.

கர்த்தர் உங்கள் நால்வரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், பிள்ளைகளுக்குக் கம்பளி போடு. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, ரொட்டி மெல்லிசாக இருந்ததாமே என்று கேள், நான் சொன்னதாகச் சொல்லாதே. இனிமேல் ஒரு மேசைதானே என்று மட்டும் எழுதாதே.

என்றும் உன் நினைவில்,
அம்மா மோர்வித்