டிரை வேஸ்ட் பையில் ஒரு கூடு

ஸ்வர்ணா,

துரஹள்ளிக் காட்டிலிருந்து நீ கொண்டுவந்த கம்பளிப்பூச்சி சாகவில்லை. ஸ்கூல் பையை அப்புறம் கழற்று, முதலில் இதைப் படி.

நேற்று, நீ அதை வைத்திருந்த பாட்டிலில் வாடின இலையும் ஒரு முடி உருண்டையும்தான் இருந்தன. குப்பை என்று நினைத்து, காகிதம், கவர் எல்லாம் போடும் டிரை வேஸ்ட் பையில் கொட்டிவிட்டேன். "இனிமே உங்ககூட பேசவே மாட்டேன்" என்று நீ அழுதபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. காலையில் உன் பூச்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். அது தன் உடம்பு முடியையே உதிர்த்து, வாயிலிருந்து வரும் நூலோடு பின்னிக் கூடு கட்டுமாம். உள்ளே கூட்டுப்புழுவாக இருந்து, சிறகு முளைத்து அந்துப்பூச்சியாக வெளியே வருமாம்.

நல்லவேளை, ஈரக்குப்பை வண்டிதான் தினமும் வரும். டிரை வேஸ்ட் வண்டி நாளைக்குத்தான். பையை ஹாலில் கவிழ்த்துத் தேடினேன். ஒரு பிஸ்கட் கவருக்குள் இருந்தது. காகிதத்தால் எடுத்தபோது உள்ளே லேசாக அசைந்தது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னை ஏற்றிப்போக வந்த ஆபீஸ் கேப் போயே போய்விட்டது.

பாட்டில் உன் மேஜையில் இருக்கிறது. கூட்டைத் தொடாதே, முடி குத்தினால் அரிக்கும். இனி இலையும் வேண்டாம், சாப்பிடாது. ஏறி உட்கார்ந்து சிறகு விரிக்க ஒரு குச்சி வைத்திருக்கிறேன்.

ஹாட்பாக்ஸில் சித்ரான்னம் இருக்கிறது. நேற்று மாதிரி பட்டினி கிடக்காதே.

அப்பா

ஹாலில் கிடக்கும் பால் கவர்களை மிதித்துவிடாதே. சாயங்காலம் வந்து நானே அள்ளுகிறேன்.

இன்னொன்று. எந்த நாள் வெளியே வரும் என்று புத்தகத்தில் இல்லை. வந்தால், நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பு. பேச வேண்டாம், தோளை உலுக்கினால் போதும்.